கோவிந்தம்மா சொன்ன நாலு பொய்

ஃபிஜித் தீவின் லௌடோகா நகரில் கரும்பாலை ஓடுகிற மாதங்களில் துணியை வெளியில் காயப்போட யாருக்கும் துணிச்சல் வராது. ஆலைப் புகைக்கூண்டிலிருந்து கிளம்பும் கரித்துகள் காற்றில் மிதந்து வந்து, கொடியில் கிடக்கிற சட்டையிலும் விரிப்பிலும் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்துவிடும். நகரத்து ஓரம் நடபுவாவில் லாண்டரி வைத்திருந்த கோவிந்தம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவளிடம் உலர்த்தும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றை அவளுக்குக் கொடுத்தவை ஆட்சிக்கவிழ்ப்புகள்தான் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அதில் பொய்யில்லை.

பட்டாளம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்த 1987ஆம் வருஷம், டவுனில் லாண்டரி நடத்திய குஜராத்திக்காரர் ஒருவர் ஆக்லாந்துக்குக் கிளம்பினார். கொதிகலனையும் துவைக்கும் இயந்திரங்களையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். வாங்கியவன் கோவிந்தம்மாவின் கணவன் பல்ராம், துறைமுகத்தில் குமாஸ்தா. 2000இல் மறுபடியும் ஒரு கவிழ்ப்பு. ஹோட்டல் துணி வெளுத்துக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம் வான்கூவருக்குப் போயிற்று. உலர்த்திகள் நடபுவாவுக்கு வந்து சேர்ந்தன.

“ஊரு அழும்போது நாம வாங்குறோமேடி” என்று பல்ராம் சங்கடப்பட்டான்.

“விக்கிறவன் அழுவலியே” என்றாள் அவள். “ராத்திரியோட ராத்திரியா மூட்டை கட்டிட்டுச் சிரிச்சிக்கிட்டுத்தான போறான்.”

அவளுடைய சந்தேகக் குணத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது. வடக்குத் தீவில் லபாசா பக்கம் புலிலேகாவில் கரும்புக் காட்டில் பிறந்து வளர்ந்தவரை கோவிந்தம்மா எல்லோரையும் நம்புகிறவளாகத்தான் இருந்தாள். கவிழ்ப்புக்குப் பிறகு ஊரே வாயைப் பூட்டிக்கொண்டது. விசாவுக்கு மனுப் போட்டவன் அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்லமாட்டான். கண்ணு பட்டுவிடும், எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டுவிடுவான் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் தின்று, அடுத்த ஞாயிறு உங்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிப்போன சிநேகிதி, புதன்கிழமை சிட்னியில் இருந்தாள். சொந்தத் தம்பி கனடாவுக்குப் போனது, அவன் மாட்டை வாங்கியவன் சொல்லித்தான் தெரிந்தது. மகள் சஞ்சேஷ்னி கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்கு மருமகளாகப் போகிற சேதியையும், டிக்கெட் கையில் வந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்.

“பெத்தவகிட்டயுமா?” என்று கோவிந்தம்மா கேட்டாள்.

“நீ அழுவே, அம்மா. நீ அழுதா ஊருக்குத் தெரிஞ்சிடும்” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு ஒருவர் பேசும்போது கோவிந்தம்மா அவர் சொல்வதைக் கேட்பதைவிட, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனிக்கக் கற்றுக்கொண்டாள். பல்ராம் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பழக்கம் இன்னும் இறுகிற்று. கூட இருந்தவன் மகன் நவ்னீல் ஒருவன்தான்.

2006 டிசம்பரில் மறுபடியும் கவிழ்ப்பு, ராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். இந்தத் தடவை யாரும் அவளுக்கு இயந்திரம் விற்கவில்லை. உலகம் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த அரசாங்கத்தில் நியமனம் பெற்றவனுக்கும் அவன் வீட்டாருக்கும் விசா கிடையாது என்றன. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. சரி, வடக்கே பார்ப்போம் என்றது தலைநகர் சுவாவில் இருந்த அரசாங்கம். வடக்கே சீனா இருந்தது. சாலை போட, பாலம் கட்டச் சீனக் கம்பெனிகள் வந்து இறங்கின. சீனா வந்துவிட்டதே என்று அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் இந்தப் பக்கம் பார்க்கிறார்களே, நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று இந்தியாவும் பார்த்தது. ஆலைக்கு இந்திய இயந்திரங்கள் வந்தன. கடலுக்கு நடுவே கிடக்கிற ஓர் ஊருக்கு இத்தனை பேர் கரிசனம் காட்டினால் கோவிந்தம்மா போன்றவளுக்கு என்ன தோன்றும்? சும்மா ஒருத்தன் கோழிக்குத் தீனி போடுவானா என்றுதான் தோன்றும்.

நவ்னீல் சீன அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் வூஹானில் பொறியியல் படித்துத் திரும்பியவன். திரும்பியதும் சாலைப் பணிகளைப் பார்க்கும் அரசு வாரியம் ஒன்றில் அவனுக்கு நியமனம் கிடைத்தது. சீனக் கம்பெனிக்கும் வாரியத்துக்கும் நடுவில் பேசுகிற வேலை. சம்பளத்தோடு விசாத் தடையும் சேர்ந்து வந்தது. பிரிஸ்பேனில் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அவனால் போக முடியவில்லை. அம்மாவுக்கும் மனு திரும்பி வந்தது.

“உன் வேலைக்கு என்னையும் சேத்துக் கட்டிப்போட்டாங்கோ” என்று அவள் சொல்லிக் காட்டினாள்.

அவன் வழக்கம்போல ஹிந்தியில்தான் பதில் சொன்னான். தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. “க்யா கரேகா, மா? என்ன செய்ய முடியும்? வேலை இங்கேதானே இருக்கிறது.”

அவன் மூலமாகத்தான் சீனக் கம்பெனியின் தொழிலாளர் கூடாரத்துத் துணி லாண்டரிக்கு வந்தது. விரிப்பு, போர்வை, மண் அப்பிய வேலை உடுப்பு. கூடாரத்துக்கு மேலாளர் லின். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், கன்னத்தில் ஒரு மச்சம். நாலு வருஷத்தில் கடைவீதி ஹிந்தி கற்றுக்கொண்டிருந்தார். வேன் டிரைவரை அனுப்பினால் போதும், ஆனால் வாரம் ஒரு முறை தானே வருவார். அதுவே கோவிந்தம்மாவுக்கு உறுத்திற்று. மேலாளருக்கு அழுக்கு மூட்டையோடு என்ன வேலை?

அடுத்து வந்தவன் ஷாலேந்திரா. அவன் சொந்த ஊர் பக்கத்து டவுனான பா. சின்ன வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவன், இப்போது ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்துக்காகப் பசிபிக் நாடுகளைப் பற்றி எழுத வந்திருந்தான். சஞ்சேஷ்னி கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரும் மாத்திரை டப்பாக்களும் கொண்டுவந்தான். “மௌசி, மௌசி” என்று ஹிந்தியில் சித்தி முறை வைத்து வாய் நிறையக் கூப்பிட்டான். பூசணிக்காய்க் கறியும் ரொட்டியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டான்:

“அந்தக் கூடாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கூலியாட்கள்தானா, மௌசி? வேறு மாதிரி உடுப்பு ஏதாவது வருமா?”

மூன்றாவது ஆள் ஆராவமுதன். மெட்ராஸ்காரர், ஆலை இயந்திரங்களோடு வந்த இந்தியக் கம்பெனியின் எஞ்சினியர். தென்னிந்தியர் சங்கத்துக் கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேசிய தமிழைக் கேட்டதும் கோவிந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தமிழ் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் தமிழில் பாதி இங்கிலீஷ் இருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவரும் லாண்டரிக்குச் சட்டை கொடுத்தார், பூசணிக்காய்க் கறி சாப்பிட்டார். அவரும் ஒரு நாள் கேட்டார்:

“ஏம்மா, அந்தச் சைனாக்காரங்க கேம்ப்ல புதுசா ஏதோ கட்டறாங்களாமே? உங்க பையன் ஒண்ணும் சொல்லலையா?”

இரண்டு திசையிலிருந்து வந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் அதுவரை அவள் வெளியாட்களான அந்த மூவரையும்தான் சந்தேகப்பட்டாள். அடுத்த வாரம் லின் வந்தபோது சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்தது. மூட்டையை இறக்கிவிட்டு லின் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கள் அமெரிக்கப் பையனுக்குப் பூசணிக்காய்க் கறி ரொம்பப் பிடிக்குமாமே?”

கோவிந்தம்மா மனதுக்குள் ஆட்களை எண்ணினாள். ஷாலேந்திரா சாப்பிட்ட அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர். ஷாலேந்திரா, அவள், நவ்னீல்.

ஷாலேந்திரா போய் லின்னிடம் தன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருப்பானா? மாட்டான். அவள் சொல்லவில்லை. மிச்சம் யார்? சீனாவில் படித்தவன். தினம் லின்னோடு பேசுகிறவன்.

அன்று சாயங்காலம் மகனுக்குச் சோறு போட்டபோது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்ன, மா?” என்றான் அவன். “ஒண்ணுமில்லே” என்றாள். தான் பெற்ற முகம். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மகள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இவனும் அவள் தம்பிதானே என்று நினைத்தாள்.

இரண்டு மூன்று நாள் மனதுக்குள் புழுங்கிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். ஆளுக்கொரு பொய் சொல்வது. எந்தப் பொய் எவன் வாய் வழியாகத் திரும்பி வருகிறதோ, அதை வைத்து யார் யாரிடம் பேசுகிறான் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஷாலேந்திரா அடுத்து வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “போன வாரம் கூடாரத்து மூட்டையில் வெள்ளை உடுப்பு வந்தது, பேட்டா. தங்கப் பொத்தான் வைத்தது. கப்பல்காரர்கள் போடுவார்களே, அந்த மாதிரி.” ஷாலேந்திராவின் கையில் ரொட்டி பாதி வழியில் நின்றது.

லின்னிடம் சொன்னாள்: “அந்தப் பையன் தங்கியிருக்கிற ஹோட்டல் துணியும் என்னிடம்தான் வருகிறது. அவன் எடுத்திருக்கிற இரண்டாவது அறையிலிருந்து விரிப்பே வருவதில்லை. அங்கே ஆள் தூங்குவதில்லை, ஏதோ மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறாள் அறை பெருக்குகிறவள்.” லின் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆராவமுதனிடம் சொன்னாள்: “கூடாரத்துக்குப் பின்னால கட்டறாங்களே, அந்தக் கட்டடத்துக்குக் கறுப்புத் திரை வேணுமாம், சாமி. தடியா, வெளிச்சமே உள்ள போவக்கூடாதாம். தைக்க ஆள் கேட்டாங்கோ.” அவர் “அப்படியா, அப்படியா” என்று இரண்டு தடவை சொன்னார்.

மகனுக்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். சாப்பிட்டு எழுந்தவனிடம், ஒரு வேலை உடுப்பின் பையில் துறைமுகத்துப் படம் ஒன்று கிடந்தது, கப்பல் நிறுத்தும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது என்றாள்.

நவ்னீல் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “துணியோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிடு, மா. யாரிடமும் சொல்லாதே. என்னிடம் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே.”

அது நல்லவன் சொல்லும் பதிலா, கள்ளன் சொல்லும் பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொய்கள் சீக்கிரமே வீடு திரும்பின. முதலில் ஆராவமுதன் வந்து, “ஏம்மா, வெள்ளை யூனிஃபார்ம் ஏதோ வந்துதாமே?” என்றார். அது ஷாலேந்திராவுக்குச் சொன்னது. இரண்டொரு நாளில் ஷாலேந்திரா போனில், “கறுப்புத் திரை யார் தைக்கிறார்கள், மௌசி?” என்றான். அது ஆராவமுதனுக்குச் சொன்னது. அதற்குள் அவன் ஹோட்டலை மாற்றிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, தன் அறையில் யாரோ நுழைந்து பார்த்த மாதிரி இருந்தது என்றான். லின்னுக்குச் சொன்ன பொய் போய்ச் சேர்ந்த இடம் அது. கடைசியில் லின்னே வந்தார். அன்று சிரிப்பில்லை.

“எங்கள் கூடாரத்தில் திரையே கிடையாது. சமையலறைதான் கட்டுகிறோம். ஆராவமுதனிடம் யார் சொன்னது?”

“ஆராவமுதனை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் கோவிந்தம்மா.

“ஏன் தெரியாது? அவருடைய பாய்லரைத் துறைமுகத்தில் இறக்கிக் கொடுத்தது எங்கள் கிரேன். வியாழக்கிழமை சேர்ந்துதான் சாப்பிடுவோம். உங்கள் பூசணிக்காய்க் கறியைப் பற்றி ஓயாமல் பேசுவார். அந்த அமெரிக்கப் பையனும் அதைப் பற்றித் தன்னிடம் புகழ்ந்ததாகச் சொன்னார்.”

கோவிந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பகையாளிகள் என்று அவள் நினைத்திருந்த மூவரும் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், சந்தையில் கத்தரிக்காய்க்குத் தாலோக் கிழங்கு மாற்றுவதுபோல. அவள் சொன்ன நாலு பொய்யில் மூன்று ஊர் சுற்றிவிட்டு வந்தன. துறைமுகப் படம் மட்டும் வரவே இல்லை. அது மகனுடைய வாயைத் தாண்டவில்லை.

அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அவன் வந்தான், சாப்பிட்டான், குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். பெற்ற பிள்ளையை நீ ஒற்றனா என்று சோதித்துப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்லியிருந்தால் அடுத்து வந்ததற்கு அவன் தயாராக இருந்திருப்பான். அந்த மாதக் கடைசியில், வெளிநாட்டிலிருந்து யாரோ நடத்தும் ஒரு வலைப்பூவில் அந்தச் சேதி வந்தது. ஃபிஜியின் மேற்குக் கரையில் சீனக் கடற்படையினர் மறைந்திருக்கிறார்கள், அவர்களுடைய தங்கப் பொத்தான் வைத்த வெள்ளை உடுப்புகள் லௌடோகாவில் ஓர் இந்தியப் பெண்மணியின் லாண்டரியில் வெளுக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தது. அவசரகாலச் சட்டம் இருந்த காலம். பத்திரிகை ஆபீசுகளில் தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருந்த காலம். நாலு பேர் கூடி, கிராக் என்கிற காவா வேர்ப் பானம் குடித்தால்கூட என்ன கூட்டம் என்று கேட்பார்கள். லௌடோகாவில் இந்தியப் பெண்மணி நடத்தும் லாண்டரி எத்தனை இருந்துவிடும்?

அவளைக் கூப்பிடவில்லை, நவ்னீலைத்தான் கூப்பிட்டார்கள். வாரியத்துக்குப் போலீஸ் ஜீப் வந்து காலையில் ஏற்றிப் போயிற்று. மறுநாள் பிற்பகல் கொண்டுவந்து விட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் முகம் கறுத்திருந்தது. சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

“என்னா கேட்டாங்கோ? என்னா சொன்னே?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. “நான்தான் சொன்னேன் என்று சொன்னேன். யாரோடோ கிராக் குடிக்கும்போது வேடிக்கைக்குச் சொன்னேன், அது பரவிவிட்டது என்று. உனக்கு ஒன்றும் தெரியாது. ஞாபகம் வைத்துக்கொள், மா. உனக்கு ஒன்றும் தெரியாது.”

“நான்தான் சொன்னேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தண்ணீர் நின்றது. “வேறு யார் தங்கப் பொத்தான் என்றெல்லாம் சொல்வார்கள்?” என்றான் அவன்.

மறுநாள் கோவிந்தம்மா நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். விசாரணை நடத்தியவர் இன்ஸ்பெக்டர் செமி. டவுவா பக்கத்துக் கரும்புக் காட்டில் இந்தியப் பிள்ளைகளோடு வளர்ந்த பூர்வகுடி ஃபிஜிக்காரர். அவர் ஹிந்தி அவளுடையதைவிடச் சுத்தம். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“மாயி, நீங்கள் ஏன் வந்தீர்கள்? உங்களைக் கூப்பிடவில்லையே.”

“நானாகத்தான் வந்தேன். என் மகன் பொய் சொன்னான். அந்தக் கதையைக் கட்டியவள் நான். வெள்ளை உடுப்பும் இல்லை, தங்கப் பொத்தானும் இல்லை. யார் யாரிடம் கோள் சொல்கிறான் என்று பார்க்க ஆளுக்கொரு பொய் சொன்னேன்.” எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புத் திரை, மிஷின் அறை, துறைமுகப் படம், பூசணிக்காய்க் கறி உட்பட.

செமி நிதானமாகக் கேட்டார். கேட்டு முடித்து, மேஜை மேல் இரண்டு கையையும் வைத்தார்.

“மாயி, இப்படிச் சொல்லச் சொல்லி உங்களை அனுப்பியது யார்?”

“யாரும் அனுப்பவில்லை!”

“மகள் அமெரிக்காவில். மகன் சீனாவில் படித்தவன். இந்திய எஞ்சினியர் உங்கள் வீட்டில் வந்து சாப்பிடுகிறார். மூன்று தேசத்தோடும் உறவு வைத்துக்கொண்டு, லாண்டரிக்காரி ஒருத்தி தானாகவே ஆளுக்கொரு பொய் தயாரித்தாள் என்று நான் மேலே எழுதி அனுப்பினால், என்னை என்ன நினைப்பார்கள்? உங்கள் மகன் சொன்னது நம்பும்படி இருக்கிறது. குடித்துவிட்டு உளறினான். முடிந்தது. நீங்கள் சொல்வதை நான் எழுதினால் மூன்று தேசத்தின் சதி என்று ஆகிவிடும். அப்புறம் உங்களையும் விடமாட்டார்கள், அவனையும் விடமாட்டார்கள்.”

“சத்தியமாகச் சொல்கிறேன்.”

“இருக்கலாம்” என்றார் செமி. “எனக்கு அது தேவையில்லை.”

வாழ்நாளெல்லாம் மற்றவர் பேச்சைத் தட்டிப் பார்த்தே பழகியவள், தன் உண்மையை ஒருவர் அதேபோலத் தட்டிப் பார்த்து வேண்டாம் என்று ஓரமாக வைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோபம்கூட வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டாள் என்று தெரிந்தது.

நவ்னீலின் நியமனத்தை ரத்து செய்தார்கள். கூடாரத்துத் துணி வருவது நின்றது. ஷாலேந்திராவின் எண்ணுக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. சஞ்சேஷ்னியைக் கேட்டதற்கு, “கோவில் பஜனையில் பார்த்த ஆள் அம்மா, ஊருக்குப் போகிறேன் என்றான், கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான்” என்று அழாத குறையாகச் சொன்னாள். ஆராவமுதன் மட்டும் விடைபெற வந்தார். அவரை வேறு நாட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

“உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வரும்னு நெனக்கலைம்மா. எல்லாரும் பேசிக்கறதுதானே. சும்மா ஒரு இன்ஃபர்மேஷன்.”

“சும்மா பேசறதுக்குன்னே என் வீட்டுக்கு வந்தியா, சாமி?” என்று கேட்டாள் அவள். வெளுத்து வைத்திருந்த அவர் சட்டைகளைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வருஷம் திரும்பியது. பிப்ரவரியில் நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரம் பூகம்பத்தில் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட ஆள் தேடத் தொடங்கினார்கள். அரசு நியமனத்தில் இருக்கிறவனுக்கு அங்கே விசா கிடையாது. நவ்னீல் இப்போது அந்த நியமனத்திலிருந்து துரத்தப்பட்டவன். வேலை போனதே அவனுக்கு விசாவாகிவிட்டது. மனுப் போட்ட அன்றே அம்மாவிடம் சொன்னான். அந்த வீட்டில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அவளுக்குச் சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் எத்தனையோ வருஷத்துப் பழக்கம், விடுமா? பெட்டி கட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நாந்தி விமான நிலையத்தில், பகல் வெயிலில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கேட்டேவிட்டாள்.

“எனக்காகவா பழியை ஏத்துக்கிட்டே? இல்லே, வேலை போனா வெளிய போவலாம்னு ஏத்துக்கிட்டியா?”

நவ்னீல் பைச்சுமையைத் தோள் மாற்றினான். பொய் சொல்ல ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, வாயில் வராத தமிழில், சிறுபிள்ளை போலத் தடுக்கித் தடுக்கிச் சொன்னான்: “ரெண்டும்தான், மா. மொதல்ல உனக்கு. ஸ்டேஷன்ல உக்காந்து இருக்கப்போ, அதுவும் தோணிச்சு.”

அவள் அவனை அடிக்கவில்லை, அழவுமில்லை. “நெசத்தைச் சொன்னியே, அது போதும்” என்றாள். அவன் உள்ளே போனபிறகுதான் கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் உட்கார்ந்து, டாக்ஸிக்காரன் பார்க்கிறானே என்றுகூடப் பாராமல் அழுதாள்.

2014இல் தேர்தல் நடந்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தடைகளை நீக்கின. பெரிய தலைவர்கள் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தியப் பிரதமர் வந்த அதே வாரத்தில் சீன அதிபரும் வந்தார். அமெரிக்காவும் புன்னகை செய்தது. லௌடோகாவுக்கும் நாந்திக்கும் நடுவே கடற்கரையில் ஒரு ஹோட்டல் எழும்பத் தொடங்கியது. அமெரிக்கப் பணம், சீனக் கட்டுமானம், கணினி வேலையெல்லாம் பெங்களூர்க் கம்பெனிக்கு. விரிப்பு வெளுக்கிற வேலைக்கு ஆள் பார்க்க ஒரு நாள் பிற்பகல் லாண்டரிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லின். தலை நரைத்திருந்தார். மற்றவன் ஷாலேந்திரா, கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஹோட்டல் முதலீட்டாளர்களுக்கு ஆலோசகனாம்.

“மௌசி!” என்று கையை விரித்தான்.

கோவிந்தம்மா எழுந்திருக்கவில்லை. “நீங்கள் இரண்டு பேரும் ஒரே காரிலா வந்தீர்கள்?”

“இப்போது ஒரே கம்பெனிதான், மௌசி. அதெல்லாம் பழைய கதை.”

“உனக்குப் பழைய கதை. என் மகன் எங்கே இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?”

லின் மெல்லச் சொன்னார்: “கிரைஸ்ட்சர்ச்சில். பாலம் கட்டும் பிரிவில். போன மாதம் பதவி உயர்வு கிடைத்தது.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஹோட்டல் விஷயத்தை யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இருவரும் காரில் ஏறிப் போனார்கள்.

உடனே கிரைஸ்ட்சர்ச்சுக்குப் போன் போட்டாள். “லின்னோட பேசறியா நீ?”

அவன் ஹிந்தியில் சொன்னான். அங்கே வேலைக்கு முன் அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய அதிகாரி வேண்டியிருந்தது. துரத்திய வாரியம் சொல்லாது. லின்தான் சொன்னார், நல்லவிதமாகச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை நலம் விசாரிப்பார். அவ்வளவுதான்.

“என்னாத்துக்குச் சொன்னாரு? அவருக்கு என்னா லாபம்?”

“தெரியவில்லை, மா. நல்ல மனசு என்று வைத்துக்கொள்ளேன்.”

“நாளைக்கு ஏதாவது கேட்டா?”

“கேட்டால், முடியாது என்று சொல்வேன்.”

“சொல்லுவியா?”

“சொல்வேன், மா.”

அவள் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். கடைசியில், “சரி, நம்பறேன்” என்றாள். சொன்ன பிறகு, அது அவனைப் பற்றிச் சொன்னதா, லின்னைப் பற்றிச் சொன்னதா என்று தெளிவாக இருக்கட்டும் என்று, “உன்னை” என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்.

ஹோட்டல் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். லாண்டரியில் வேலை செய்கிற பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. ஆனால் அதற்குப் பிறகு லின் வந்தாலும் ஷாலேந்திரா வந்தாலும் பேச்சு வாசலோடு சரி. துணியைக் கொடுத்தார்கள், துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்று ஒருவரையும் அவள் கூப்பிடவில்லை.